எரியாத இழை

மைக்ராஸ்கோப்புக்கு அடியில் அந்த இழை சுருண்டு கிடந்தது. எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவிலில் நாங்கள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் லேபில் கோடை விடுமுறையில் சாமான்களைச் சரிபார்க்க வந்திருந்த நானும் கெமிஸ்ட்ரி டீச்சரும் மாறி மாறிக் குனிந்து பார்த்தோம். வெளி வராண்டாவில் எங்கள் அட்டெண்டர் அண்ணாச்சி, புது வகுப்பறைகளுக்கான ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். பறந்த தூசியில் அவர் புருவம்கூட வெளுத்திருந்தது.

தறி ஓடாத தெரு இந்த ஊரில் குறைவு. மேஜையில் படிந்தது பஞ்சுத் தூசி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் நான் படித்தது கனிமங்களைப் பற்றி, சந்தேகம் விடவில்லை. தூசியில் அமிலம் விட்டு, ஷீட்டில் கலந்திருக்கும் சிமெண்டைக் கரைத்தவள் அவள். மிஞ்சிய இழையை ஸ்பிரிட் விளக்கில் காட்டியதும் அவளே. பஞ்சு என்றால் பொசுங்கியிருக்கும். இது சிவந்து, ஆறி, மறுபடியும் இழையாகவே இருந்தது. கல் இழை, ஆஸ்பெஸ்டாஸ். நெஞ்சுக்குள் போனால் லேசில் வெளியே வராது என்று நான் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

மறுநாள் இருவரும் ஹெட்மாஸ்டரிடம் போவதாகப் பேச்சு. அதற்குள் அண்ணாச்சியே லேபுக்கு வந்தார். தொண்டை கரகரக்கிறது, இந்தத் தூசியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"வெறும் பஞ்சுதான் அண்ணாச்சி. நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டோம்."

தறிக்காரக் குடும்பத்துக்குப் பஞ்சு என்ன புதுசா என்று சிரித்தபடி அவர் வேலைக்குத் திரும்பினார். கூரை காண்டிராக்ட் தன் வீட்டுக்காரருடையது என்பதை அதன் பிறகுதான் அவள் சொன்னாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

என்னைக் கேட்காமல் என் கண்ணையும் பொய்ச் சாட்சிக்கு இழுத்தாளே என்று கொதித்தேன். ஆனாலும் அவளைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. பேச்சை மட்டும் நிறுத்தினேன். அவள் மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை. துரோகி, துரோகி என்று மனசுக்குள் சொல்லியே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

போன மாதம் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். நாலு வார்த்தை பேசினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. நுரையீரல் இறுகிப்போய்விட்டது என்று டாக்டர் சொன்னாராம். என்னால் தாங்க முடியவில்லை. நடந்ததை முழுக்கச் சொல்லி, அவள் நம் இரண்டு பேரையும் ஏமாற்றிவிட்டாள் என்றேன். அவர் கோபப்படவில்லை. மூச்சைச் சேர்த்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அவிய சொன்னாவ, சரி. நீங்களும் அங்கனதான நின்னிய, டீச்சர்."