கூட வராத தோழிக்கு ஒரு பொட்டலம்

போன பிப்ரவரியில், கோஸ்டாரிகா நாட்டின் கரீபியன் கடற்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் இது நடந்தது. அந்த நாட்டின் தலைநகரத்துக்கு ஆறு வார வேலையாக அலுவலகம் என்னை அனுப்பியிருந்தது. வேலை முடிந்ததும் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்துத் தனியாக அங்கே போனேன்.

'தனியாக' என்று இப்போது சுலபமாக எழுதிவிட்டேன். வீட்டில் அதைச் சொல்ல முடியவில்லை. சிட்லபாக்கத்தில் அம்மாவும் நானும் மட்டும்தான். சானடோரியம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அம்மாவுக்கு ஒரு மெசேஜ், இறங்கினால் ஒரு மெசேஜ் அனுப்புகிறவள் நான். கடைசி நான்கு நாள் கடற்கரைக்குப் போவேன் என்று கிளம்புமுன் சொன்னபோது அம்மா முதலில் கேட்டது, "யாரோட போற?"

"ஆபீஸ்ல ஒரு பொண்ணு வர்றாம்மா. ஆந்திரா பொண்ணு."

அப்படி ஒருத்தி கிடையாது.

"கல்யாணம் ஆயிடுச்சா அவளுக்கு?"

"இல்லம்மா."

"அவங்க வீட்ல மட்டும் எப்படி விடுறாங்க?"

"அவங்க அம்மாவும் உன்னப் பத்தி இதேதான் கேட்டாங்களாம்."

அம்மா சிரித்துவிட்டாள். அனுமதி கிடைத்துவிட்டது.

மென்பொருளில் எங்கெல்லாம் தவறு வரலாம் என்று தேடிப் பட்டியல் போடுவது என் வேலை. பயணத்துக்கும் ஒரு எக்செல் தயாரித்திருந்தேன். பஸ் நேரம், மாத்திரைகள், பாஸ்போர்ட் நகல். கடைசியில் அந்தத் தோழிக்கென்று தனியாக ஒரு பக்கம். சொந்த ஊர் நெல்லூர், ஒரு தம்பி, அசைவம், வெயில் ஒத்துக்கொள்ளாது. அம்மாவிடம் ஒருநாள் ஒன்றும் மறுநாள் வேறொன்றும் சொல்லிவிடக் கூடாதே.

கிளம்பும் அன்று அம்மா இரண்டு பொட்டலம் பருப்புப் பொடி கொடுத்தாள். ஒன்றின்மேல் மார்க்கரில் என் பெயர். இன்னொன்றின்மேல் 'ஆந்திரா'.

"நம்ம காரம் அவளுக்குப் பத்தாது. குண்டூர் மிளகாய் போட்டுத் தனியா அரைச்சேன். மறக்காம குடு."

என் பொடி மூன்று வாரத்தில் தீர்ந்தது. அவளுடையதை நான் பிரிக்கவே இல்லை.

அந்த ஊரில் யாருக்கும் அவசரம் கிடையாது. கடைக்காரருக்குத் தோன்றும்போது கடை திறக்கும். மரத்தடியில் நாலு பேராக உட்கார்ந்து ஒரு பேச்சை மதியம் வரை இழுப்பார்கள். எங்கள் தெருவில் நிற்கும் அதே பாதாம் மரங்கள்தான் கரை முழுக்க. இலையைப் பெருக்க மட்டும் ஆள் இல்லை. முதல் நாள் பட்டியலில் இருந்ததையெல்லாம் காலை பதினோரு மணிக்கே பார்த்து முடித்துவிட்டேன். அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்று மற்றவர்களிடம் பேசியதை எண்ணிப் பார்த்தேன். 'நன்றி' நான்கு முறை, 'ஒருவருக்கு மட்டும்' மூன்று முறை.

நான் தங்கிய விடுதியை நாற்பது வயதுள்ள ஒரு பெண் நடத்தினார். பல தலைமுறையாக அந்தக் கரையிலேயே வாழும் கறுப்பினக் குடும்பம். வீட்டில் ஆங்கிலம் பேசுவார்கள். தனியாகப் போகும் பெண்கள், துணை பின்னால் வருவதாகச் சொல்லிவைப்பது நல்லது என்று எங்கோ படித்திருந்தேன். அவரிடமும் அப்படியே சொன்னேன். மறுநாள் காலை மேஜையில் இரண்டு தட்டு வைத்திருந்தார்.

"உன் தோழி இன்னும் வரவில்லையா?"

"நாளைக்கு வருவாள்."

அவர் இரண்டாவது தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாளும் இரண்டு தட்டு இருந்தது, இரண்டாவது கவிழ்ந்தபடியே.

அங்கே காலை எட்டு மணி என்றால் இங்கே இரவு ஏழரை. அம்மா அப்போதுதான் வீடியோ காலில் கூப்பிடுவாள்.

"எங்க அவ? குடு, ஒரு ஹலோ சொல்றேன்."

"குளிக்கிறாம்மா."

"நேத்தும் குளிச்சிட்டுதான் இருந்தா."

"வெயில் ஒத்துக்கல அவளுக்கு."

"பாவம். பொடி புடிச்சிருந்துதாமா?"

"காரம் சூப்பர்னு சொன்னா."

"அவ கூட இருக்கான்னுதான் நான் நிம்மதியா தூங்கறேன். ரெண்டு பேரும் ஒண்ணாவே இருங்க."

போனை வைத்தபின் கவிழ்ந்திருந்த அந்தத் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லாத ஒருத்திக்காக ஏங்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று மாலை நான்கு மணிக்குக் கடலில் இறங்கினேன். நீச்சல் குளத்தில் கற்ற நீச்சல் எனக்கு வரும். இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றிருந்தேன். ஓர் அலை காலை வாரியது. மறுபடி ஊன்றப் பார்த்தபோது தரை இல்லை. கரையைப் பார்த்து நீந்தினேன். நீந்த நீந்தக் கரையில் விரித்திருந்த என் துண்டு சின்னதாகிக்கொண்டே போனது.

அந்த நேரத்திலும் என் மனது பட்டியல்தான் போட்டது. என்னைக் காணோம் என்று யார் தேடுவார்கள்? அலுவலகத்துக்கு நான் விடுப்பில் இருப்பவள். விடுதியில் தோழியோடு எங்கோ போயிருப்பாள் என்று நினைப்பார்கள். சிட்லபாக்கத்தில் அப்போது விடியற்காலை மூன்றரை. அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள். காலையில் நான் போனை எடுக்காவிட்டாலும், அவ கூட இருக்கா என்று பொறுத்திருப்பாள். என்னைத் தேடக்கூடிய ஒரே ஆளை நானே சமாதானம் சொல்லித் தூங்க வைத்திருந்தேன்.

அப்போது கரையில் மஞ்சள் ஏப்ரன் ஒன்று தெரிந்தது. விடுதிக்காரப் பெண். இரண்டு கைகளையும் தூக்கி, பக்கவாட்டில், ஒரே திசையில் திரும்பத் திரும்பக் காட்டினார். என்னை நேராக வரச் சொல்லவில்லை என்பது புரியச் சற்று நேரம் ஆனது. கரையை விட்டுவிட்டு, அவர் காட்டிய தென்னைகளின் பக்கமாக, கரைக்கு இணையாக நீந்தினேன். கடலுக்குள் இழுத்த நீரோட்டத்தை விட்டு விலக விலக, இழுப்பு மெல்லக் குறைந்தது. கட்டைவிரலில் மணல் பட்டது.

மணலில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு திரும்பியதும், எப்படி இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"உன் தோழி வரமாட்டாள் என்று முதல் நாளே தெரியும்," என்றார். "ஆளுக்காகக் காத்திருக்கிறவர்கள் பஸ் சத்தம் கேட்டால் சாலையைப் பார்ப்பார்கள். நீ ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை."

"பிறகு ஏன் இரண்டு தட்டு வைத்தீர்கள்?"

"நீ இரண்டு பேர் என்று சொன்னாய். வைத்தேன். ஆனால் நீ கடலுக்குப் போகும்போதெல்லாம் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவேன். யாராவது பார்க்க வேண்டுமே."

மறுநாள் காலை அந்தப் பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டாவது தட்டை நிமிர்த்தி அவரையே உட்காரச் சொன்னேன். தேங்காய்ப்பாலில் வெந்த சிவப்பு பீன்ஸ் சோற்றின்மேல் பொடியைத் தூவிச் சாப்பிட்டார். கண்ணில் நீர் வந்தது. துடைத்துக்கொண்டு இன்னும் கேட்டார். எட்டு மணிக்கு அம்மா கூப்பிட்டாள்.

"அம்மா, ஆந்திரா பொண்ணுன்னு யாரும் இல்ல. நான் தனியாதான் வந்தேன்." கடலில் நடந்ததையும் சொன்னேன்.

அம்மாவுக்குப் பின்னால் குக்கர் இரண்டு விசில் விட்டது. அவள் எழுந்து போய் அணைக்கவில்லை.

"அப்போ அந்தப் பொடிய யாரு சாப்ட்டா?"

போனைத் திருப்பினேன். விடுதிக்காரப் பெண், பொடி ஒட்டிய விரல்களோடு கையைத் தூக்கிக் காட்டினார். அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தேங்க் யூ மேடம்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

நான் வீடு திரும்பியும் பத்து நாள் அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு மேஜையில் இருந்தது. நானும் சமாதானம் சொல்லவில்லை. சொன்ன சமாதானங்கள் போதும் என்று தோன்றியது.

போன மாதம் நான்கு நாள் கோகர்ணாவுக்குக் கிளம்பினேன். தனியாகத்தான் போகிறேன் என்று முதலிலேயே சொன்னேன். இரண்டு நாள் சண்டை நடந்தது. மூன்றாம் நாள் என் பையின் பக்கத்தில் இரண்டு பொட்டலங்கள் இருந்தன. ஒன்றில் என் பெயர். இன்னொன்றில் எதுவும் எழுதவில்லை.

"இது யாருக்கும்மா?"

"அங்க யாராவது இருப்பாங்க இல்ல," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

இப்போதும் நான் தனியாகத்தான் பயணம் போகிறேன். நான் தனியாக இருப்பது தெரிந்து ஒருத்தி வீட்டில் அரைத் தூக்கத்தில் இருக்கிறாள் என்பது முன்பு எனக்குச் சுமையாகத் தெரிந்தது. இன்றைக்கு அந்தப் பெயரில்லாத பொட்டலத்தோடு சேர்த்து அதையும் பத்திரமாகவே எடுத்துப் போகிறேன்.