சட்னி ஜார்

எங்கள் சமையலறை மேடையில் மோட்டார் இல்லாத ஒரு மிக்ஸி ஜார் இருக்கிறது. சட்னி அரைக்கிற சின்ன ஜார். அதன் வயிற்றில் என் பெயரும், கீழே ‘அக்கா அன்பளிப்பு’ என்றும் வெட்டியிருக்கும். கனடாவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அதில் ஒரு தேங்காய்ச் சில்லுகூட அரைத்ததில்லை. 

அம்மா இல்லாத எனக்குச் சீர் செய்தவள் அக்கா. நாகலாபுரத்திலிருந்து தீப்பெட்டி ஆபீஸ் வேனில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போய்வந்து கொண்டிருந்தவள். கட்டில், பீரோவுக்கெல்லாம் வசதி இல்லை, மிக்ஸியாவது நல்லதாக இருக்கட்டும் என்று கோவில்பட்டியில் கடை கடையாக ஏறி இறங்கினாள். பெயர் வெட்டுகிறவர் பக்கத்திலேயே நின்று, எழுத்து கோணாமல் பார்த்துக்கொண்டாளாம்.

நாங்கள் கிளம்புகிற சமயம், ஏற்கெனவே கனடாவில் இருந்த என் கணவரின் அண்ணன் போனில் சொன்னார், அங்கே கரண்ட் நம் ஊரில் பாதிதான், மிக்ஸி சுத்தாது என்று. அவர் சொன்னால் எங்கள் வீட்டில் வேதவாக்கு. அக்கா மட்டும் விடவில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் போய் விசாரித்து, செங்கல் கனத்தில் ஓர் இரும்புப் பெட்டியை மஞ்சள் பையில் போட்டுத் தூக்கி வந்தாள். “டிரான்ஸ்பார்மராம்ட்டி. அங்க உள்ள கரண்டக் கூட்டிக் குடுக்குமாம்.”

மாமியார் சிரித்தார். “ஒங்க அக்கா என்ன, கனடாவுல கரண்ட் ஆபீஸ் தொறக்கவா ஒன்ன அனுப்புதா?” வீடே சிரித்தது. காபி டம்ளரோடு அக்கா நின்றாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் பஸ் ஏறிய பிறகு எங்கள் பயணப் பெட்டியை எடை போட்டார்கள். மிக்ஸியும் டிரான்ஸ்பார்மரும் வெளியே வந்தன. அந்த இடத்தில் கணவரின் அண்ணனுக்கு வத்தலும் கடம்பூர் போளியும் ஏறின. இரண்டு நாள் தாங்காத போளிக்கு இருந்த மரியாதை என் அக்காவின் சீருக்கு இல்லை! பெருங்காயம் போட்டு வைக்க என்று பொய் சொல்லித்தான் சின்ன ஜாரைக் கொண்டுவந்தேன். அக்கா கேட்டால் என்ன சொல்வது என்று கணவரிடம் கேட்டேன். “ஓடுதுன்னு சொல்லு. வந்தா பாக்கப் போறாவ?”

ஞாயிறுதோறும் அக்கா கேட்பாள்: “மிக்ஸி நல்லா ஓடுதாட்டி?” நான் ஜாரை வீடியோவில் காட்டி, “ஓடுதுக்கா” என்பேன்.

மூன்றாவது மாதம், பக்கத்து வீட்டு மதுரைக்காரப் பெண் சட்னி அரைப்பதைப் பார்த்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி. பக்கத்தில் அதே இரும்புப் பெட்டி. படித்தவர்கள் அத்தனை பேர் சிரித்தோம். அக்கா சொன்னதுதான் சரி.

மறு வருடம் நாத்தனார் கல்யாணம். எங்களால் போக முடியவில்லை. வீடியோவில் பார்த்தேன், பரப்பி வைத்த சீரில் என் மிக்ஸி, மீதி இரண்டு ஜாரோடு. ஜார்களில் என் பெயர் வெட்டிய பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள். போனில் சண்டை போட்டதற்கு, “சும்மா கெடந்ததுதான?” என்றார் மாமியார். தீப்பெட்டி ஒட்டிய கை வாங்கியது, சும்மா கிடந்ததாம்! அக்காவும் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். கவனித்திருக்க மாட்டாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் அவள் அதே கேள்வியைத்தானே கேட்டாள்.

போன வாரம் என்னால் முடியவில்லை. அவள் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“தெரியும்ட்டி” என்றாள். “கல்யாணத்தன்னைக்கே பாத்துட்டேன். திருப்பி ஒம் பேரப் பாத்துட்டு, இருந்தபடியே வச்சுட்டு வந்தேன்.”

“பெறவு ஏங்க்கா வாராவாரம் கேட்ட?”

“நீயா என்னைக்குச் சொல்லுவன்னுதான்.”

அவளுக்குக் காட்டுவதற்காக வழக்கம்போல் எடுத்து வைத்திருந்த ஜார், அப்போதும் என் கையில்தான் இருந்தது.