விசிறிக்கு விளங்கினால் சரி

“டேய், கவனமா கேளு. முதல்ல பஸ் நேரத்தை வாங்குறேன். அதைக் கட்டத்துக்குள்ள போடுறேன். கட்டம் பத்தலைன்னா…” நெற்றியில் அடித்துக்கொள்கிறாள். “ஐயையோ, பத்தலைன்னா என்ன செய்யணும்னு நான் எழுதவே இல்லையே!”

எதிரே உட்கார்ந்து கேட்பது ஒரு மேசை விசிறி. மோட்டார் போய் ஒரு வருடமாகிறது. எடைக்குப் போட எடுத்ததை என் அண்ணன் மகள் வழிமறித்துத் தன் மேசைக்குக் கொண்டுபோய்விட்டாள். கம்ப்யூட்டருக்கு எழுதும் நிரலில் பிழை பிடிபடாவிட்டால் ஒவ்வொரு வரியாக யாருக்காவது விளக்கிச் சொல்ல வேண்டுமாம், சொல்லும்போதே அகப்பட்டுவிடுமாம். முதலில் அந்த உத்தியோகம் எனக்குத்தான் இருந்தது. மூன்றாவது வரியில், “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டேன். வேலை போயிற்று. “மனுஷங்க குறுக்க பேசுவாங்க சித்தப்பா. இவன் சமத்து,” என்றாள்.

கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் வருடம். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடுவாள். முதல் வருடம், ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்லி எழுதிய நிரல் நிறுத்தத் தெரியாமல் லட்சத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கொதித்த லேப்டாப்பின் ஓரத்தில் கைக்குட்டையைக் காயப்போட்டாள். அந்தப் பெண்ணா இன்று ஊர் உலகத்துக்கு நிரல் எழுதுகிறாள்? எழுதுகிறாளே!

எல்லாம் அண்ணியால் வந்தது. அண்ணி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். கண்ணாடி போட்டால் வயசு தெரிந்துவிடும் என்று, போனில் எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். பஸ் எப்போது வரும் என்று காட்டும் செயலியில் 7:41 என்பது அவருக்கு 7:4 என்றுதான் தெரியும். கடைசி எண் திரைக்கு வெளியே போய்விடும். அண்ணி அதை 7:49 என்று தாராளமாக எடுத்துக்கொள்வார். மூன்று முறை பஸ் போயிற்று. இன்னொரு தடவை தாமதமானால் வேறு வார்டுக்கு மாற்றிவிடுவேன் என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார். “அந்தப் புள்ளைங்களை விட்டுட்டு நான் எங்க போவேன்?” என்று அண்ணி அன்று தட்டைத் தள்ளி வைத்தார். மறுநாளிலிருந்து மகள்தான் நேரம் பார்த்து, “அம்மா, ஓடு!” என்று கத்துகிறாள். அவள் கத்த மறந்தால் தீர்ந்தது.

அந்தச் செயலி திறந்த மூல மென்பொருள். அதாவது, சமையற்குறிப்பை வாசற்கதவில் ஒட்டி வைத்த வீடு. யாரும் படிக்கலாம், உப்பு குறைந்தால் சொல்லலாம், திருத்தியும் கொடுக்கலாம். “உங்கம்மா போன்ல மட்டும் சரிபண்ணிடேன்,” என்றேன். “எழுத்தைப் பெருசாக்கி வச்சிருக்கிற அம்மா உலகத்துல இவங்க ஒருத்தர்தானா?” என்று முறைத்தாள்.

இவள் எழுதி அனுப்பும் திருத்தத்தைச் செயலியில் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் ஏதோ ஒரு தேசத்தில் இருக்கிறார். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. இவள் வைத்த பெயர் மாமியார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாராம். நாலு இடைவெளி விட வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கிறது என்று ஒரு தடவை. சின்ன போனில் போட்டுப் பார்த்தாயா என்று ஒரு தடவை. மூன்று முறை திரும்பி வந்தது. “தலைகீழா நின்னு தண்ணி குடிச்சாலும் இந்த மாமியாருக்குப் பிடிக்காது சித்தப்பா!”

நாலாம் முறை வந்த கேள்வியைப் படித்தவள் முகத்தை மூடிக்கொண்டாள். தான் எழுதியது வேலை செய்கிறதா என்று சோதிக்க, நேரத்துக்குக் கீழே ஒரு வரி தோன்றும்படி செய்திருந்தாள். அனுப்புமுன் அதை அழிக்க மறந்துவிட்டாள். சிவப்பில், கொட்டை எழுத்தில்: ‘அம்மா, ஓடு!’ இது எந்த மொழி, என்ன பொருள் என்று மாமியார் கேட்டிருந்தார்.

“மானம் கப்பலேறிப் போச்சு! இனி அதை யார் வேணும்னாலும் பார்க்கலாம்!” விசிறிக்கும் திட்டு விழுந்தது. “வரிக்கு வரி கேட்டியே, நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?” என்று அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். இரண்டு நாள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. “நடந்ததைச் சொல்லேன், கடிச்சா தின்னுடுவாங்க?” என்று சத்தம் போட்டேன். மூன்றாம் நாள் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: அம்மா, வார்டு, பூசணிக்காய் எழுத்து, போன பஸ்கள்.

மறுநாள் பதில் வந்தது. ‘அந்த ஒரு வரியை எடுத்துவிடு. மற்றதெல்லாம் சரி. என் அப்பாவும் கண்ணாடி போட மாட்டார்.’

“மாமியார் தங்கம் சித்தப்பா!” என்று குதித்தாள். விசிறிக்கு மட்டும் மன்னிப்புக் கிடைக்கவில்லை.

இந்த வாரம் செயலியின் புதிய பதிப்பு எல்லாருடைய போனுக்கும் வந்தது. காலையில் அண்ணி கைப்பையை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தார். கத்த வேண்டியவள் வாயைத் திறக்கவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏழு நாப்பத்தெட்டு,” என்று அண்ணி தானே படித்தார். கைப்பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்து, ஆறிக்கொண்டிருந்த மிச்ச டீயை எடுத்தார். “என்னடி, இன்னைக்கு விரட்டலையா?”

அவள் அறைக்குள் போய், சுவரைப் பார்த்திருந்த விசிறியை இரு கையாலும் தூக்கி வந்து, அம்மா டீ குடிப்பது தெரியும்படி எதிரே வைத்தாள்.