பெயர் கூப்பிடாத வீடு

எண்பதுகளின் நடுவில், ஒரு பனிக்காலத்தில், லுசேர்ண் நகரத்துக்கு மேலே இருந்த ஒரு மலைக் கிராமத்தில் எங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். பஸ் எங்களை இறக்கிவிட்டு அங்கேயே திரும்பியது. அதற்கப்பால் தெரு இல்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை இங்கேதான் இருக்க வேண்டும் என்றார்கள். சில மாதங்களில் என் கணவருக்கு லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. விடிய முதல் பஸ்ஸில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். நானோ யாழ்ப்பாணத்தில் வேலிப் பொட்டுக்குள்ளால் அரை ஊரோடு கதைத்து வளர்ந்தவள். இங்கே ஆட்களைவிட மாடுகள்தான் அதிகம். மாடுகளோடு எவ்வளவு நேரம் கதைக்க முடியும்?

நல்ல வேளையாகத் தபாற்கந்தோர்காரி இருந்தாள். ஒரே அறையில் முத்திரையும் விற்பாள், பாலும் விற்பாள், ஊர்க்கதையும் அளப்பாள். என் வயதுதான் இருக்கும். அவளிடம் நான் ஜெர்மன் பாஷையையும் அந்த ஊரின் சரித்திரத்தையும் ஒன்றாகவே படித்தேன்.

ஒரு காலத்தில் ஊரில் வீட்டுக்கு வீடு நிலவறையில் தறி ஓடியதாம். பள்ளத்தாக்கில் மெஷின்கள் வந்ததும் தறி நின்றது. அடுத்து உருளைக்கிழங்கு அழுகியது. சனம் பட்டினி. அப்போது ஊரே கூடி, தங்கள் காட்டில் ஒரு பகுதியை விற்று, போக விரும்பியவர்களுக்கு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற வழி செய்து கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை. போகிற வீடு, ஊர்ப் புல்வெளியிலும் விறகிலும் தனக்குள்ள உரிமையை விட்டுவிட வேண்டும். வீடு வீடாகக் காலியானது. இன்றைக்கும் தேவாலயத்தில் பாதி வாங்குகளில் இருக்க ஆளில்லை என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தாலும் கண் சிரிக்கவில்லை.

ஆனால் போனவர்களின் வீட்டுப் பெயர்களை அவர்கள் மாற்றவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிசயம். கொல்லன் வீடு கொல்லன் வீடாகவே இருந்தது. எங்களுக்குத் தந்த வீடு வேபர்ஹூஸ், நெசவுகாரர் வீடு. அதன் சனங்கள் கப்பலேறி நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பிறகு வந்ததெல்லாம் வாடகைச் சனம். ஊரை விட்டுப் போனவர்களை எங்களூரில் இரண்டு தலைமுறையில் மறந்துவிடுவோம். காசு அனுப்பினால் மூன்று.

பனி கரைந்ததும் ஒரு மாலை மணிச் சத்தம் கேட்டது. ஊர்ச் சேவகர் கைமணியோடு வந்தார். தொப்பிக்குக் கீழே மீசை மட்டுமே தெரிகிற மனிதர். ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் நின்று, மணியை ஆட்டி, வீட்டின் பெயரை உரக்கக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து ஒரு குரல் "யோ", அதாவது ஓம், என்றதும் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். நாளைக்கு ஊர் வேலை. வாய்க்கால் துப்புரவாக்க, உடைந்த பாதை திருத்த வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்பதுதான் அதன் பொருள். நான் முகம் கழுவி, நல்ல சீலை உடுத்து, கதவுக்குப் பின்னால் ஆயத்தமாக நின்றேன்.

அவர் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார். மணியைக் கையால் பொத்திக்கொண்டு போனார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் தாள் பற்றும். எங்களூரில் கலியாணத்துக்குச் சொல்ல வருகிறவர் ஒரு வாசலை விட்டு அடுத்த வாசலுக்குப் போனால், அந்த இரண்டு குடும்பமும் பிறகு சந்தையில்கூட முகம் பார்க்காது. இருட்டிய பிறகு வந்த கணவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"உமக்கென்ன விசரே? கல்லுச் சுமக்கக் கூப்பிடேல்லை எண்டு ஆரும் கோவிப்பினமோ?" என்றார்.

"கல்லோ மண்ணோ, வாசலைத் தாண்டிப் போனவர் எல்லோ?"

"நாங்கள் இண்டைக்கோ நாளைக்கோ எண்டு இருக்கிற சனம். எங்களை ஏன் அவை ஒரு வீடெண்டு எண்ணவேணும்?"

அந்தக் கேள்விதான் என்னைச் சுட்டது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்: இந்த ஊரில் நாங்களும் ஒரு வீடு என்று எண்ணப்பட வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடு எரிந்த பிறகு எங்களை எந்த வீட்டுக்காரர் என்று யாரும் சொன்னதில்லை.

மறுநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று பார்த்தேன். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. ஊர்த் தலைவர் சேற்றுக்குள் இறங்கி நின்றார். மாட்டுக்காரர் அவருக்குக் கல்லை எடுத்துக் கொடுத்தார். கட்டளையிட ஆளே இல்லை. தபாற்கந்தோர்காரி கந்தோரைப் பூட்டிவிட்டு மண்வெட்டியோடு நின்றாள். அந்த நாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை வந்தே அதிக காலமில்லை, ஆனால் சேறு அள்ளும் உரிமை எப்போதும் இருந்திருக்கிறது. மத்தியானம் எல்லோரும் ஒரே மரத்தின் கீழிருந்து பாணும் சீஸும் சாப்பிட்டார்கள். எங்களூரில் ஒழுங்கையில் ஒரு குழி விழுந்தால் அடுத்த தேர்தல்வரை அதைச் சுற்றித்தான் நடப்போம். இவர்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தப் பொறாமையில் இரண்டு கிழமை தபாற்கந்தோரில் பாலும் வாங்கவில்லை. நட்டம் எனக்குத்தான், தேத்தண்ணீர் வெறும் சாயம்.

கோடையில் ஒரு பின்னேரம் மழை கொட்டியது. மலையோடை பெருகி, கல்லும் சேறுமாக ஊர்த் தெருவுக்குள் இறங்கியது. பஸ் வராது, கணவர் லுசேர்ணில் அகப்பட்டுக்கொண்டார். தேவாலய மணி நிற்காமல் அடித்தது.

நான் ஒரு கணம்தான் யோசித்தேன். கலியாணத்துக்குச் சொன்னால்தான் போவோம். செத்த வீட்டுக்கு யார் சொல்லக் காத்திருக்கிறோம்? கணவரின் களிசானைப் போட்டுக்கொண்டு, நிலவறையில் கிடந்த பழைய மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

தெருவில் கல்லைக் கைமாற்றும் வரிசை நின்றது. ஒரு இடைவெளியில் புகுந்துகொண்டேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கல் என் கையில் வந்தது, அடுத்தவருக்குக் கொடுத்தேன். மழை விட்டு, ஓடை தன் வழிக்குத் திரும்பிய பிறகுதான் என் பக்கத்தில் அவ்வளவு நேரமும் நின்றவர் ஊர்ச் சேவகர் என்பதைக் கண்டேன். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் சொன்னதை எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

"உங்களை ஆர் பிள்ளை கூப்பிட்டது?"

"கெடுதிக்கு ஆர் கூப்பிடுறது?" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் விடவில்லை. "நல்லதுக்குத்தான் கூப்பிடவேணும். அதுக்கு நீங்கள் என்ரை வாசலைத் தாண்டிப் போனீங்கள்."

எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் அது எப்படி விழுந்ததோ, மனிதர் திகைத்துப்போனார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் பேர் கூப்பிட்டால் அந்த வீடு வந்தே ஆகவேணும். வராட்டில் குற்றம். சண்டைக்குத் தப்பி வந்த சனத்தின்ரை தலையிலை இதையும் கட்டக்கூடாதெண்டு ஊர்க்கூட்டத்திலை கேக்கேல்லை, பேசாமல் போனன். மணிச் சத்தத்திலை நீங்கள் வெருளக்கூடாதெண்டுதான் பொத்திக்கொண்டு போனன்."

மரியாதை என்று அவர் செய்ததை நான் அவமரியாதை என்று எடுத்து, மூன்று மாதம் அந்த நல்ல மனிதரைப் பார்த்தும் பாராமல் நடந்திருக்கிறேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"கூப்பிடுங்கோ," என்றேன். "எங்களுக்கு அதுதான் வேணும்."

அவர் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். அது தன் கையில் இல்லை என்றார். வேபர்ஹூஸ் கப்பலேறிய அன்று ஊரோடு கணக்குத் தீர்த்த வீடு. அன்றிலிருந்து அதன் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. திரும்பக் கூப்பிடுவதென்றால் ஊர்க்கூட்டம் கை உயர்த்த வேண்டும்.

பனிக்காலத்தில் கூட்டம் நடந்தது. எங்களுக்கு அங்கே இடமில்லை. விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தோம். முடிந்ததும் தபாற்கந்தோர்காரி ஓடி வந்தாள். வாசலில் நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினாள். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அழுததை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வசந்தத்திலும் எங்கள் விண்ணப்பத்துக்கு முடிவு வந்திருக்கவில்லை. மணிச் சத்தம் கேட்டபோது கணவர் லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் நின்றார். கிழமை முழுக்க நான் "யோ" என்று சொல்லிப் பழகியிருந்தேன். சத்தம் பக்கத்து வீட்டில் நின்றது, பிறகு எங்கள் வாசலுக்கு வந்தது. எதிர்வீடுகளில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பதில் சொன்ன வீடுகளும் உள்ளே போகாமல் நின்றன.

"வேபர்ஹூஸ்!"

சேவகர் காத்திருந்தார். ஊரும் காத்திருந்தது. அரை ஊரோடு கதைத்து வளர்ந்தவளுக்கு அப்போது நா எழவில்லை. கணவர் முழங்கையால் இடித்தார்.

"ஓம்!" என்று கத்தினேன். "வாறம்!"

சேவகர் தலையை ஆட்டி, மணியை அடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.