ஈய முனையில் இருந்த பல்தடம்

நான் ஒரு யோக்கியமான மனிதரைத் திருடர் ஆக்கினேன். அதற்கு எனக்கு ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அவர் எங்கள் வீட்டு மோட்டார் டிரைவர்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். மயிலாப்பூரில் இருந்தோம். அப்பா சர்க்கார் உத்தியோகத்தில் பெரிய பதவி வகித்தார். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டதால் வண்டி பெரும்பாலும் கொட்டகையிலேயே நின்றது. பாட்டரி பழையது, புதிதாக ஒன்று கிடைக்காது. அது செத்துவிடாமலிருக்கத் திங்களும் வியாழனும் காலையில் டிரைவர் சிறிது நேரம் இன்ஜினை ஓடவிடுவார். அவர் உருது பேசும் குடும்பத்தவர். சாய்பு என்றுதான் வீட்டில் எல்லோரும் கூப்பிடுவோம். என்னை அவர் ‘தம்பி’ என்பார்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கொட்டிவாக்கத்தில் அப்போது மின்சாரம் கிடையாது. அங்கிருந்து வந்து படித்த ஒரு நண்பன், மோட்டார் பாட்டரியில் ஓடும் ரேடியோப் பெட்டி ஒன்றை எனக்கு இரவல் தந்தான். கிழக்கே எதிரிப் பக்கத்திலிருந்து வந்த, கேட்கக்கூடாது என்று சர்க்கார் தடுத்திருந்த தமிழ் ஒலிபரப்பைக் கேட்க எனக்கு ஆசை. அப்பாவின் அறையிலிருந்த ரேடியோவில் அது நடக்காது. அந்த வாரம் திங்களும் செவ்வாயும் சாயங்காலம் சாய்பு வீட்டுக்குப் போனபின், கொட்டகையில் உட்கார்ந்து, பல்லுள்ள இரண்டு கவ்விகளைப் பாட்டரி முனைகளில் மாட்டி, மணிக்கணக்காகக் கேட்டேன்.

புதன்கிழமை காலையில் பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவுக்கு வலி எடுத்தது. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “கொழந்த குறுக்கால கெடக்கு. ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ” என்றாள்.

சாய்பு ஸ்டார்ட்டரை அழுத்தினார். ‘டொக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி அழுத்தினார். மஞ்சளாக எரிந்த விளக்கு சிவந்து, சுருங்கி, அணைந்தேவிட்டது.

“இன்ஜினு நல்லாதான் கீது எசமான். பாட்டரிலதான் உசிரு இல்ல.”

“திங்கக்கிழமைதானே ஓட்டினே?” என்றார் அப்பா.

“ஓட்டினேன். நல்லா இழுத்துச்சே!”

காலடிப் பலகையைத் தூக்கிப் பாட்டரியைப் பார்த்தார். கம்பிகளை அசைத்தார், இறுக்கமாக இருந்தன. முனைகளில் உப்புப் பூத்திருக்கவில்லை. மூடிகளைத் திருகி உள்ளே பார்த்தார். தண்ணீர் சரியாக இருந்தது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியாக ஈய முனையைக் கட்டைவிரலால் தடவினார். அங்கே புதுசாகப் பளபளத்துக்கொண்டு கவ்வியின் பல்தடம் இருந்தது.

“ரெண்டு நாள்ல தானா எறங்காது எசமான். ஆரோ கரண்ட்ட உறிஞ்சிக்கீறாங்க” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் நாற்காலியில் துவண்டு கிடந்த அக்காவைப் பார்த்தேன்.

வண்டியின் முன்பக்கம் இன்ஜினைச் சுழற்றும் கைப்பிடியைச் செருகிச் சுற்றினார். சட்டை முதுகோடு ஒட்டும்வரை சுற்றினார். பொறி தட்டக்கூடப் பாட்டரியில் சக்தி இல்லை. கடைசியில் ஜட்கா கொண்டுவரச் சொன்னார் அப்பா.

“மோட்டார் கீற வூட்டுக்கு நம்ம குதிர வந்துகீது பாரு, நைனா!” என்று வண்டிக்காரன் குதிரையைத் தட்டிக்கொடுத்தான். பிறகு அக்காவைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் அலறிக்கொண்டு போனாள். எழும்பூர் ஆஸ்பத்திரி அவ்வளவு தூரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

சாயங்காலம் அப்பா சாய்புவை வாசலில் நிறுத்தினார். அந்த நாளில் சில டிரைவர்கள் எஜமானுக்குத் தெரியாமல் பாட்டரியைக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதுண்டு.

“எந்தக் கல்யாணத்துக்குடா குடுத்தே?”

“அல்லா மேல ஆணையா நான் தொடல எசமான். முனைல கவ்வி கடிச்ச தடம் கீது. தம்பியக் கேளுங்க, அதுவும் பாத்துச்சு.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “உனக்கு ஏதாவது தெரியுமா?”

தடுக்கப்பட்ட ஒலிபரப்பு, அப்பாவின் உத்தியோகம், ஜட்காவில் அக்காவின் அலறல் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

“தெரியாது” என்றேன்.

அப்பா சாய்புவை அன்றே அனுப்பிவிட்டார். அவர் நற்சான்றுக் கடிதம் கேட்டபோது, “திருடனுக்குக் கடிதாசா?” என்றார். பழைய எஜமானின் கடிதம் இல்லாத டிரைவரை எந்தப் பங்களாவிலும் சேர்க்கமாட்டார்கள். எனக்கு அது தெரியும்.

போர் முடிந்து, நான் வக்கீலாகப் பதிவுசெய்துகொண்ட பிறகுதான் துணிவு வந்தது. நடந்ததையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு, அவரைத் தேடிக்கொண்டு போனேன். தியாகராய நகரில் பாட்டரி சார்ஜ் போடும் கடையொன்றில் இருந்தார். அமிலம் பட்டு வேட்டி சல்லடையாகியிருந்தது. கடிதத்தை நானே படித்துக் காட்டினேன்.

“இது எனக்குத் தெரிஞ்ச சேதிதானே? முனையப் பாத்தப்பவே தெரியும். எசமானுக்குத்தானே தெரியாது? அவராண்ட படி.”

அன்று மாலையே அப்பாவிடம் படித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். நற்சான்று எழுதித் தரும்படி மறுநாள் கேட்டேன். “இனிமே அவனுக்கு எதுக்கு அது?” என்றார்.

அடுத்த வாரம் போனபோது சாய்பு கேட்டார்: “எசமான் இன்னா சொன்னாரு?”

இந்த முறை பொய் சொல்லவில்லை. “ஒண்ணும் சொல்லல. கடிதாசும் தரல.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு பாட்டரியின் மூடியைத் திருகக் குனிந்தார்.

அதன்பிறகு எங்கள் பாட்டரி அந்தக் கடைக்குத்தான் போயிற்று. எப்போதும் நானேதான் கொண்டுபோவேன். வேலையில் ஒரு குறை வைக்கமாட்டார். ஈய முனையைத் துணியால் அழுத்தித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தருவார். “ஆச்சு சார்” என்பார். என்னை அவர் மறுபடி தம்பி என்று கூப்பிடவேயில்லை.