செல்வபாய் மாமியும் நான் எழுதிய மனுவும்

போன புதன்கிழமை சாயங்காலம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அப்பாதான் முதலில் பார்த்தார். "செல்வபாய் போயாச்சு" என்று சொல்லிவிட்டு டிவியை அணைத்தார். நான் தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவும் அக்காவும் அழுதார்கள். எனக்கு முதலில் வந்தது பயம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மாமியைப் பற்றி ஒரு பக்கம் வாசிக்க வேண்டும் என்று உபதேசியார் என்னிடம் சொல்லியிருக்கிறார். ஒரு பக்கம் எழுதி அப்பாவிடம் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். இது வேறு பக்கம். வீட்டில் எல்லாரும் உறங்கிய பிறகு எழுதுகிறேன்.

செல்வபாய் மாமி எங்களுக்கு அடுத்த வீடு. மாமா இறந்த பிறகு இரண்டு ஆடுகளில் தொடங்கிப் பதினான்கு வரை கொண்டுவந்தார். விடியும் முன்பே பலகைக் கூட்டுக்கு அடியில் குனிந்து புழுக்கை வாரும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். பிறகு பால் கறப்பார், துணியில் வடிகட்டிக் குப்பிகளில் அடைப்பார், பலா இலை ஒடிக்கப் போவார். ஒரு முறை இரண்டு ஆடுகள் வாடி விஷமேறிய மரச்சீனி, அதாவது மரவள்ளி இலையைத் தின்று ஒரே மத்தியானத்தில் செத்துப்போயின. மறுநாளும் மாமி அதே நேரத்துக்குப் பால் கொண்டு வந்தார்.

மடிவீக்கம் வந்த ஆட்டுக்கு ஊசி போட்டால், அந்தப் பாலைப் பல நாட்கள் தென்னை மூட்டில் ஊற்றிவிடுவார். பேரனுக்குப் பால் வாங்க வந்த ஒருவர், "கொஞ்சம் மருந்து இருந்தா என்ன? காய்ச்சினா போவும், தா" என்று கேட்டார். "ஊசி ஆட்டுக்குப் போட்டதாக்கும். உம்ம பேரனுக்கு ஒண்ணும் இல்லியே" என்று வெறும் குப்பியைக் கவிழ்த்துக் காட்டினார் மாமி. அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்த வாரம் திரும்பி வந்தார்.

எங்கள் சந்து கேரளத்துக்குள் எல்லையை ஒட்டி இருக்கிறது; பெரியவர்கள் பலரும் தமிழில் படித்தவர்கள். மலையாளம் பேசுவார்கள், எழுதப் படிக்க வராது. நான் பாறசாலையில் மலையாளத்தில் படிக்கிறேன். அதனால் பஞ்சாயத்துக்கு மனு என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். மாமியின் கேட்டில் தொங்கும் 'ஆட்டுப்பால் உண்டு' என்ற மலையாளப் பலகையும் நான் எழுதியதுதான்.

போன வருடம் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாமியின் கிடாவுக்கு மதம் பிடித்திருந்த நாட்கள் அவை. நாற்றம் எங்கள் முன்னறை வரை வந்தது. வந்த பெண்களில் ஒருவர் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு அவர்களிடமிருந்து பதிலே இல்லை.

அப்பா என்னைக் கூப்பிட்டார். "பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுது மக்கா. பேரு போடண்டாம். அயல்வாசிகள் எண்ணு போடு." நாற்றம், ஈ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். "இது போராது. பிள்ளைக்கு மூச்சுமுட்டு எண்ணும் எழுது" என்றார்.

"எந்தப் பிள்ளைக்கு அப்பா?"

"மூணு வயசுப் பிள்ளை எண்ணு போடு. அது போதும்."

என் தம்பிக்கு அன்று மூன்று வயது. அவன் அப்போது அப்பாவின் மடியில் உட்கார்ந்து மாமி தந்த பாலைக் குடித்துக்கொண்டிருந்தான். நான் எழுதினேன். 'இரவெல்லாம் குழந்தையால் உறங்க முடிவதில்லை' என்று ஒரு வரியும் சேர்த்தேன். அதை அப்பா சொல்லவில்லை. எழுதியது நன்றாக வந்திருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

இரண்டு வாரம் கழித்துப் பஞ்சாயத்து நோட்டீசும் மனுவின் நகலும் மாமிக்கு வந்தன. "மக்கா, இதென்ன எண்ணு வாசிச்சுத் தா" என்று அவற்றை என்னிடமே கொண்டுவந்தார். என் வரிகளை நானே அவருக்குத் தமிழில் சொன்னேன். பிள்ளை என்று வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"எந்த வீட்டுப் பிள்ளையாக்கும்?"

"பேரு இல்ல மாமி."

"ராத்திரி உறங்கவும் இல்லியா? பாவம். ஒரு வார்த்தை சொல்லீருந்தா கிடாவ மாத்திக் கெட்டீருப்பேனே."

நகலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அது யாருடைய எழுத்து என்று அவருக்குப் புரிந்ததா, எனக்குத் தெரியாது. பிறகு பதிலையும் என்னையே எழுதச் சொன்னார். நாற்றம் இல்லை என்று தொடங்கினேன்.

"இல்லேண்ணு எழுதண்டாம். நாத்தம் உண்டு."

"அப்பிடி எழுதினா தோத்துருவீங்க மாமி."

"நாறாத கிடா உண்டா? வாசிக்கிற ஆபீசரு சிரிப்பான். நாத்தம் உண்டு, கூட்ட மாத்துதேன், அந்தப் பிள்ளைக்குச் சொகமாவட்டு. இவ்வளவும் எழுது."

மாமிக்கு இருந்த வேறு இடம் ஓடைக்கரைப் பள்ளம்தான். அங்கே கூட்டை மாற்றினார். இந்த மழைக்காலத்தில் தண்ணீர் ஏறியது. ஆடுகளுக்குக் குளம்பு அழுகியது. ஐந்தை விற்றார். மீதியைக் காப்பாற்ற, காலில் புண்ணோடு அந்தத் தண்ணீரில் நின்று தீனி போட்டார். பிறகு காய்ச்சல் வந்தது. டாக்டர் எலிப்பனி, அதாவது எலிக்காய்ச்சல் என்றார். அழுக்குத் தண்ணீரில் நிற்பவர்களுக்கு வருவது.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் கேட்டார்: "மேட்டுல நல்லா இருந்த கூட்ட எதுக்குப் பள்ளத்துல கொண்டு வச்சா, புத்தி கெட்டவ?" அப்பா பக்கத்தில்தான் நின்றார். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் செருப்பைப் பார்த்தேன்.

மாமியுடையதாக என்னிடம் இருப்பது அந்தப் பதிலின் முதல் பிரதி. அவர் சொல்ல நான் எழுதிய மூன்று வரிகள். தனக்கே கேடு வரும் என்று தெரிந்தும் அவர் அதில் பொய் சேர்க்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா முன் பெஞ்சில் இருப்பார். என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை. அதனால் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாக எழுதி வைக்கிறேன். அந்த மனுவை எழுதியது நான். உறங்க முடிவதில்லை என்ற வரி என்னுடையது. அந்தப் பிள்ளை என் தம்பி. அவனுக்கு ஒரு நாளும் மூச்சுமுட்டு வந்ததில்லை.