டாங்கிக்கு ஓர் எலுமிச்சம்பழம்

மைசூரு விஜயநகரில் ஆயுத பூஜைக் காலை. பூஜை முடிந்ததும் சக்கரத்தில் நசுக்க எலுமிச்சம்பழம் வாங்கிவரப் போயிருக்கிறார் என் டிரைவர். கார் நிற்கும் பூங்கா வாசலில், மேடைமேல் ஒரு பழைய ராணுவ டாங்கி. வயதான தம்பதி அதற்குக் குங்குமம் வைக்கிறார்கள். கணவர் இதே ரக டாங்கியை ஓட்டியவராம். இப்போது அவர்கள் மகன் ராஜஸ்தானில் டி-90 டாங்கி ஓட்டுகிறான்.

பேப்பரில் படித்த மேதாவித்தனத்தில், "நம்ம அர்ஜுன் டாங்கி நல்லதா, டி-90 நல்லதா?" என்று கேட்கிறேன்.

"டி-90 எடை கம்மி சார், சின்னப் பாலத்துலகூடப் போயிடும். குண்டை மெஷினே போட்டுக்கும், மூணு பேர் போதும். அர்ஜுன் ரொம்ப கனம், நாலு பேர் வேணும். இப்ப ட்ரோன் வந்தப்புறம் எதுக்குமே நிம்மதி இல்ல" என்கிறார் கணவர்.

"அப்ப அர்ஜுனே இருக்கட்டும்" என்கிறார் மனைவி. "பேச்சுத்துணைக்கு இன்னொரு பையன் இருப்பான்ல."

கணவர் சிரித்துக்கொண்டே டாங்கியின் இரும்புப் பட்டைக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தை வைக்கிறார்.

"இது நகராதே, பழம் எப்படி நசுங்கும்?" என்கிறேன்.

"நசுங்க வேணாம் சார்" என்கிறார் அந்த அம்மா. "அவன் வண்டியும் இப்படியே நின்னுட்டிருந்தா போதும்."